சாலையில் மடியும் மூஸ்: அலாஸ்காவின் இறைச்சிப் பகிர்வும் அதன் முன்வரலாறும்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் வாகனம் மோதி இறக்கும் மூஸ் என்னும் மானின் இறைச்சி, இயன்றவரை வீணாகாமல், உணவுத் தேவையுள்ள குடும்பங்களுக்கும் அறப்பணி அமைப்புகளுக்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. மாநிலக் காவல் துறை வைத்திருக்கும் தொலைபேசிப் பட்டியல் ஒன்றைக் கொண்டு பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஏற்பாடு இது. மடிந்து கிடக்கும் காட்டு விலங்கை ஏழைகளுக்கு உணவாக்கும் எண்ணம் அலாஸ்காவில் பிறந்ததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் காட்டுச் சட்டத்திலேயே அதற்கு முன்னோடி உண்டு. சாலையில் அடிபட்டதைச் சாப்பிடுவதா என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வரலாற்றைப் பார்த்தால், கேள்வி இறைச்சியைப் பற்றியது மட்டும் அன்று, கொடுப்பவர் பெறுபவரை எப்படி மதிக்கிறார் என்பதைப் பற்றியதும் ஆகும் என்பது விளங்கும்.

மூஸும் சாலையும்

மான் குடும்பத்தில் மிகப் பெரியது மூஸ். அலாஸ்காவின் வளர்ந்த ஆண் மூஸ் 540 முதல் 725 கிலோ வரை எடை கொண்டது; நம் நாட்டுக் கடமானைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பெண் மூஸ் 360 முதல் 590 கிலோ வரை இருக்கும். நெடிய கால்கள், தொங்கும் மேலுதடு, கழுத்தின் கீழ் ஆடும் தோல் மடிப்பு, ஆண்களுக்குக் கைவிரித்தாற்போன்ற அகன்ற கொம்பு ஆகியவை இதன் அடையாளங்கள். வில்லோ, பிர்ச் போன்ற மரங்களின் இளங்கிளைகளே குளிர்காலத்தில் இதன் முதன்மை உணவு.

ஆழ்ந்த பனியிலும் சேற்றிலும் நடக்க உதவும் அந்த நெடுங்கால்கள் சாலையில் வினையாகிவிடுகின்றன. கார் மோதும்போது அதன் முன்பகுதி மூஸின் கால்களைத்தான் வாருகிறது. அரை டன் எடையுள்ள உடல் நேராக முன்கண்ணாடியின் மீது வந்து விழுகிறது. ஓட்டுநரும் உயிரிழக்கக்கூடிய விபத்து இது. மூஸின் நிறமோ கருமை கலந்த பழுப்பு. தலை உயரத்தில் இருப்பதால், மற்ற மான்களின் கண்கள் விளக்கொளியில் மின்னுவதுபோல் இதன் கண்கள் எளிதில் மின்னிக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆங்கரேஜ் நகரில் டிசம்பர் மாத நடுவில் பகல் வெளிச்சம் சுமார் ஐந்தரை மணி நேரமே நீடிக்கும். வேலைக்குப் போவதும் திரும்புவதும் இருட்டில்தான்.

பனி ஆழமாகப் பெய்யும் ஆண்டுகளில் மூஸ்கள் மலைச்சரிவை விட்டுத் தாழ்நிலத்துக்கு இறங்குகின்றன. அங்கே மனிதர் பனியை வாரித் தள்ளிச் சுத்தமாக வைத்திருக்கும் பாதைகள் இரண்டு: நெடுஞ்சாலை, ரயில் தண்டவாளம். இடுப்பளவு பனியில் உழன்று வந்த விலங்குக்கு அவை இயல்பாகவே வசதியான வழியாகத் தெரிகின்றன. சாலையோரம் மரங்களை வெட்டிய இடத்தில் தழைக்கும் வில்லோத் துளிர்களும் அதை இழுக்கின்றன.

சாலைக்கு முன்பே இந்தப் பிரச்சினையைக் கண்டது ரயில். சீவர்ட் துறைமுகத்தையும் ஃபேர்பேங்க்ஸ் நகரையும் இணைக்கும் அலாஸ்கா ரயில்பாதை 1923ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங் நெனானா என்னும் இடத்தில் பொன்னாணி அடிக்க, நிறைவுபெற்றது. இருபுறமும் பனிச்சுவர் நிற்க, எதிரே வரும் ரயிலைக் கண்ட மூஸ் பக்கவாட்டில் ஏறித் தப்ப முயலாமல் தண்டவாளத்தின் வழியே ஓடும். சில வேளை திரும்பி நின்று எதிர்க்கவும் செய்யும். உள்ளூர் மக்கள் ரயிலுக்கு ‘மூஸ் கூசர்’ என்று கேலிப்பெயரே வைத்துவிட்டனர். கடும் பனி பெய்த 1989–90 குளிர்காலத்தில் அந்த ஒரு ரயில்பாதையில் மட்டும் 700க்கும் மேற்பட்ட மூஸ்கள் மடிந்தன. பாதையின் நீண்ட பகுதிகளில் பக்கத்தில் சாலையே கிடையாது. அங்கே விழுந்தவற்றின் இறைச்சியை எடுத்துவருவது எளிதன்று. நெடுஞ்சாலையில் மடிபவற்றின் எண்ணிக்கையும் ஆண்டுக்குப் பல நூறு. ஆனால் சாலையில் விழுவதை எடுக்க வண்டி வரும் என்பதுதான் வேறுபாடு.

முன்னோடி: இங்கிலாந்தின் காட்டுச் சட்டம்

1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன் அரசர்கள் பெரும் நிலப்பரப்புகளை அரச வேட்டைக்காடுகளாக அறிவித்தனர். அங்குள்ள மான்கள் மன்னருக்கு உரியவை. மானைக் கொன்றவருக்கு உயிரோ உறுப்போ போகும் தண்டனையும் இருந்தது. மூன்றாம் ஹென்றி சிறுவனாக அரியணையில் இருந்த 1217ஆம் ஆண்டில் வெளியான காட்டுச் சாசனம் அந்தக் கொடுமையை நீக்கி, அபராதம், சிறை என்று மாற்றியது. எனினும் மான் மன்னருடையது என்ற அடிப்படை மாறவில்லை.

அப்படியானால் காட்டில் ஒரு மான் செத்துக் கிடந்தால் என்ன செய்வது? மனிதர் இயற்கைக்கு மாறாக இறந்தால் விசாரணை நடத்துவதுபோலவே மானுக்கும் விசாரணை நடந்தது. அருகிலுள்ள நான்கு சிற்றூர்களின் மக்கள் வரவழைக்கப்பட்டு, யார் கொன்றது, எப்படி இறந்தது என்று கேட்கப்பட்டனர். உடலில் அம்பு இருந்தால் அது சான்றாகக் காட்டு அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. தலையும் தோலும் பக்கத்து ஊரின் சுதந்திரக் குடிமக்களுக்கு. இறைச்சி, அருகில் தொழுநோயாளர் இல்லம் இருந்தால் அங்கே அனுப்பப்பட வேண்டும். இல்லையென்றால் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கப்பட வேண்டும். இந்த நடைமுறையை ஜான் மேன்வுட் என்னும் சட்ட அறிஞர் 1598இல் அச்சான தம் காட்டுச் சட்ட நூலிலும் பதிவு செய்திருக்கிறார்.

இதை மன்னரின் கருணை என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். கண்டெடுத்தவருக்கே மான் சொந்தம் என்று விட்டிருந்தால், மறுநாளே காடெங்கும் ‘கண்டெடுக்கப்பட்ட’ மான்கள் பெருகியிருக்கும். கொன்றவருக்கும் கண்டவருக்கும் கிடைக்காமல், சூழ்ச்சி செய்ய வலுவில்லாத ஒருவருக்குப் போய்ச் சேரும்படி செய்ததால் கள்ள வேட்டைக்கான ஆசை குறைந்தது. ஏழைக்கு இறைச்சியும் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் அலாஸ்கா, இந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதாவிட்டாலும், ஏறத்தாழ இதே முடிவுக்குத்தான் வந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் உண்டு. ஸ்காட்லாந்தில் 1386ஆம் ஆண்டைச் சேர்ந்த சட்டம் ஒன்று, சந்தைக்குக் கெட்டுப்போன பன்றி இறைச்சியோ சால்மன் மீனோ விற்பனைக்கு வந்தால் அதைப் பறிமுதல் செய்து உடனே தொழுநோயாளர்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்றது. தொழுநோயாளர்கள் இல்லாத ஊரானால் அதை முற்றிலும் அழித்துவிட வேண்டுமாம். மற்றவர்களுக்கு நஞ்சு என்று ஒதுக்கியதை நோயாளியின் தட்டில் வைப்பதைச் சட்டமே செய்தது. இங்கிலாந்தின் மானும் ஸ்காட்லாந்தின் மீனும் ஒரே இல்லத்தின் வாசலுக்குத்தான் போயின. ஆனால் ஒன்று உண்ணத்தக்கது என்று கருதி அனுப்பப்பட்டது. மற்றொன்று உண்ணத்தகாதது என்று தெரிந்தே அனுப்பப்பட்டது.

இந்தியாவில் இறந்த மாட்டின் இறைச்சி யார் தலையில் கட்டப்பட்டது என்பதையும், அதை உண்பதைக் கைவிடுமாறு 1927இல் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் ஏன் வேண்டினார் என்பதையும் அறிந்த வாசகருக்கு இந்த வேறுபாட்டை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

விற்கக் கூடாத இறைச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் காட்டு இறைச்சி ஒரு வணிகப் பொருள். ரயில்பாதைகள் விரிந்தபின், தொழில்முறை வேட்டையாடிகள் சுட்டுக் குவித்த மான்களும் காட்டுக் கோழிகளும் வாத்துகளும் பெருநகரச் சந்தைகளுக்கு வண்டி வண்டியாகச் சென்றன. பல கோடியாக இருந்த வெள்ளைவால் மான்களின் தொகை 1900ஆம் ஆண்டு வாக்கில் சில லட்சமாகச் சுருங்கியிருந்தது என்று மதிப்பிடப்படுகிறது. 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காட்டு விலங்குகள் மாநில மக்களின் பொதுச்சொத்து, மாநில அரசு அவற்றை மக்கள் சார்பில் காக்கிறது என்ற கருத்தை ஏற்றது. 1900இல் வந்த லேசி சட்டம், சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு விற்பதைத் தடுத்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் காட்டு இறைச்சி விற்பனைக்கே தடை போட்டன.

வேட்டையாடியவர் தாமே உண்ணலாம், பிறருக்குக் கொடுக்கலாம், ஆனால் விற்கக் கூடாது என்பது அமெரிக்காவில் பொது விதியாயிற்று. இறைச்சியை விற்க முடியாதபோது, மிஞ்சியது போகும் வழி கொடை ஒன்றுதான். வேட்டை இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கும் அமைப்புகள் பின்னாளில் தோன்றியதற்கு இந்தத் தடையும் ஒரு காரணம். அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று 1991இல் வர்ஜீனியாவில் தொடங்கியது. ‘பசித்தவர்க்கு வேட்டையாடிகள்’ என்பது அதன் பெயரின் பொருள்.

1959இல் மாநிலமான அலாஸ்கா, மீன், காட்டு விலங்கு, நீர் ஆகியவை மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை என்று தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அங்கே மூஸ் இறைச்சியை விற்பது குற்றம். வேட்டையாடிய மூஸின் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவருவது அதைவிடப் பெரிய குற்றம். அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. கொம்பை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடலை விட்டுவிடும் வேட்டையாடியைக் குறிவைத்து எழுந்த சட்டம் இது. உணவை வீணாக்கினால் சிறை என்னும் ஓர் ஊரில், சாலையோரம் 200 கிலோவுக்கு மேற்பட்ட நல்ல இறைச்சி கிடந்து அழுகுவதைப் பார்த்துக்கொண்டு போக மக்களுக்கு மனம் வரவில்லை என்பதில் வியப்பில்லை.

வாகனம் மோதி இறந்த விலங்கும் மாநிலத்துக்கே சொந்தம். மோதியவர் உடனே காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கார் நொறுங்கியது தம்முடையது என்பதற்காக மூஸும் தம்முடையதாகிவிடாது.

இரவில் வரும் அழைப்பு

இந்த ஏற்பாட்டின் இதயம் ஒரு பெயர்ப்பட்டியல். தேவாலயங்கள், உணவு வழங்கும் அமைப்புகள், சில பகுதிகளில் தனிக் குடும்பங்கள் ஆகியோர் முன்கூட்டியே காவல் துறையிடம் பெயர் பதிந்து வைக்கின்றனர். மூஸ் விழுந்த செய்தி வந்ததும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பட்டியலில் முறை வந்தவரை அழைக்கின்றனர். அவர் எடுக்கவில்லை என்றாலோ வர இயலாது என்றாலோ அடுத்தவர். மூஸ் அடிபடுவது பெரும்பாலும் இருட்டில் என்பதால் அழைப்பும் பெரும்பாலும் இருட்டில்தான் வரும். விடியட்டும் என்று சொல்ல முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு விலங்கின் உடலே காரணம். மூஸின் தோல் அடர்ந்த மயிருடன் கம்பளிப் போர்வையைப் போன்றது. குளிரை வெளியே நிறுத்துவதற்காக அமைந்த அந்தப் போர்வை, இறந்தபின் உடற்சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளியே உறைபனி அடித்தாலும் தொடை எலும்பை ஒட்டிய சதை உள்ளிருந்தே கெடத் தொடங்கும். தவிடு போட்ட கலம்போல் நிறைந்த இரைப்பை நொதித்து உப்பும். எனவே வயிற்றைத் திறந்து குடலை அகற்றுவது முதல் வேலை. மோதலில் குடலோ இரைப்பையோ கிழிந்திருந்தால் அதன் அழுக்கு பட்ட பகுதிகளை வெட்டி எறிய வேண்டும். அடிபட்ட பக்கத்தில் இரத்தம் கட்டிக் கருத்த சதை இருக்கும்; அதுவும் ஆகாது. பெரும்பாலும் ஒரு பக்கத்துத் தொடையோ தோளோ போய்விட, மறுபக்கம் குறையின்றிக் கிடைக்கும். எத்தனை நேரம் கிடந்தது என்று தெரியாத உடலை அனுபவமுள்ளவர்கள் தொடுவதில்லை. மோதியவரே உடனே தகவல் தர வேண்டும் என்னும் விதியால், இறந்த நேரம் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. சமையலறைக் கண்ணோடு பார்த்தால் அந்த விதியின் பெரும் பயன் இதுதான்.

இரண்டு மூன்று பேர், தலையில் கட்டிய விளக்கு, கூர்மையான கத்திகள், எலும்பு அறுக்கும் ரம்பம், தார்ப்பாய், பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டி ஆகியவை குறைந்தபட்சத் தேவை. பனி உறைந்த சாலையோரத்தில், வண்டிகள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் அறுப்பு வேலை செய்வது ஆபத்தானது. வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. முழு விலங்கையும் எடுக்க வேண்டும். இடத்தையும் துப்புரவாக விட வேண்டும். குடல் கிடந்தால் காக்கையும் கழுகும் கரடியும் சாலைக்கு வந்து அவையும் அடிபடும்.

725 கிலோ எடையுள்ள ஆண் மூஸை வேட்டையில் முறையாக வீழ்த்தி அறுத்தால் சுமார் 225 கிலோ இறைச்சி தேறும் என்பது அலாஸ்கா வனவிலங்குத் துறை தரும் கணக்கு. சாலையில் அடிபட்டதில் சேதத்துக்கு ஏற்ப இது குறையும். அப்படிக் குறைந்தாலும் ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதும் போதும். கடைப் பொருள்களில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வந்து சேரும் மாநிலத்தில் மாட்டிறைச்சி விலை எளிய குடும்பங்களுக்குச் சுமை. கொழுப்புக் குறைந்த, சிவந்த மூஸ் இறைச்சியைக் கொத்தியும் தொத்திறைச்சியாக அடைத்தும் குழம்பாக வேகவைத்தும் உண்கின்றனர்.

வயது முதிர்ந்த தொண்டர்கள் நள்ளிரவில் அரை டன் உடலைப் புரட்ட வேண்டியிருந்தது இந்த ஏற்பாட்டின் நெடுநாளைய குறை. 2010களில் அலாஸ்கா மூஸ் கூட்டமைப்பு என்னும் அமைப்பு, அரசின் நிதியுதவியோடு, விஞ்ச் பொருத்திய வண்டிகளை இயக்கிப் பார்த்தது. ஓட்டுநர் ஒருவரே கம்பிவடத்தால் மூஸை வண்டியில் இழுத்து ஏற்றி, பெறவேண்டியவரின் இடத்துக்கே கொண்டுபோய் இறக்கினார். சாலையில் நிற்கும் நேரம் சில நிமிடங்களாகக் குறைந்தது. அறுப்பு வேலை வெளிச்சமும் கூரையும் உள்ள இடத்துக்கு மாறியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிதி தட்டுப்பட்டபோது வண்டிகள் நின்றன. பட்டியலும் தொலைபேசியும் மட்டும் செலவில்லாதவை என்பதால் நிலைத்தன.

யாருடைய உணவு

அலாஸ்காவின் மூஸ் இறைச்சி எளியோருக்குத் தரப்படும் எச்சம் அன்று. வசதியுள்ளவர்களும் அதற்காகக் குலுக்கல் முறையில் வேட்டை அனுமதி கேட்டுக் காத்திருக்கின்றனர்; கிடைத்தால் குளிர்பெட்டியை நிரப்பி விருந்தினருக்குப் பெருமையோடு பரிமாறுகின்றனர். வேட்டைக்குப் போக உடல் வலுவோ துப்பாக்கியோ வண்டியோ இல்லாத முதியவர், தனித்து வாழும் தாய், வேலை இழந்தவர் ஆகியோரின் வீட்டுக்குப் பட்டியல் வழியாக வருவது அதே இறைச்சிதான். ஸ்காட்லாந்தின் கெட்ட மீனிலிருந்து இதை வேறுபடுத்துவது இந்தச் சமத்துவமே.

பழங்குடி மக்களுக்கு இது வெறும் புரதமும் அன்று. உள்நாட்டு அதபாஸ்கன் மக்களிடையே இறந்தவருக்காக நடத்தும் பொட்லாட்ச் என்னும் விருந்தில் மூஸ் இறைச்சி இன்றியமையாதது. மூஸ் தலையில் காய்ச்சும் சூப் மதிப்புக்குரிய உணவு. 1975இல் மின்டோ கிராமத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் இறப்புச் சடங்குக்காக, வேட்டைக்காலம் இல்லாத வேளையில் ஒரு பெண் மூஸைச் சுட்டனர். அதைக் கொண்டுசென்றவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. கீழ் நீதிமன்றங்களில் அவர் தண்டிக்கப்பட்டாலும், 1979இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அந்தச் சடங்கில் புதிய மூஸ் இறைச்சி ஆற்றும் பங்கு சமய உரிமையின் பாற்பட்டது என்று அது ஏற்றது. அடிபட்ட மூஸின் தலையை யாரும் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள் என நினைப்பவர்கள் இந்த வழக்கை அறிந்திருக்க மாட்டார்கள்.

பொதுச் சமையலறைகளில் காட்டு உணவைப் பரிமாறுவது நீண்ட காலம் தெளிவற்றதாகவே இருந்தது. கண்காணிப்புள்ள இறைச்சிக்கூடத்தில் வெட்டப்படாத இறைச்சியை மருத்துவமனையிலோ பள்ளியிலோ கொடுக்கலாமா என்ற தயக்கம். கொடையளிக்கப்பட்ட உணவால் வரும் வழக்குகளிலிருந்து நல்லெண்ணத்தோடு கொடுப்பவரைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1996இல் வந்தது. 2014ஆம் ஆண்டு வேளாண் சட்டம், பழங்குடி மக்களுக்குச் சேவை செய்யும் பொது நிறுவனங்கள் கொடையாக வந்த மரபு உணவைப் பரிமாற வழி திறந்தது. அலாஸ்கா தன் உணவு விதிகளில் மூஸ், கரிபூ போன்றவற்றை ஏற்கிறது. கரடி, நரி, வால்ரஸ் இறைச்சியை ஏற்பதில்லை. அவற்றில் டிரிக்கினெல்லா என்னும் புழு இருக்கக்கூடும் என்பதே காரணம். நொதிக்கவைத்த இறைச்சியும் கூடாது. அதில் பாட்டுலிச நஞ்சு உண்டாகலாம். மரபு உணவு என்ற மதிப்பையும் மருத்துவ எச்சரிக்கையையும் ஒரே விதியில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

ஈயம்

வேட்டையில் சுட்ட இறைச்சி தூய்மையானது, சாலையில் அடிபட்டது அழுக்கானது என்ற எண்ணத்தை 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று அசைத்தது. வட டகோட்டா மாநிலத்தில் வேட்டையாடிகள் உணவு வங்கிகளுக்குக் கொடுத்த மான் இறைச்சிப் பொட்டலங்களை மருத்துவர் ஒருவர் எக்ஸ்-கதிர் வழியே ஆராய்ந்தார். பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் இருந்தன. வேகமாகப் பாயும் ஈயக் குண்டு உடலில் பட்டதும் சிதறி, காயத்திலிருந்து வெகுதூரம் வரை தூளாகப் பரவுகிறது. இறைச்சியைக் கொத்தும்போது அது எங்கும் கலந்துவிடுகிறது. மாநில அதிகாரிகள் அந்த இறைச்சியை வழங்க வேண்டாம் என்று உணவு வங்கிகளுக்கு அறிவுறுத்தினர். பின்னர் அம்மாநிலத்தில் 738 பேரிடம் நடந்த இரத்தப் பரிசோதனையில், காட்டு இறைச்சி உண்பவர்களின் இரத்தத்தில் ஈயம் சற்றுக் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. உணவு வங்கிக்கு வருபவர்களில் குழந்தைகள் உள்ள தாய்மார் பலர்.

வாகனம் மோதி இறந்த விலங்கின் உடலில் குண்டு இல்லை. முகம் சுளிக்கவைக்கும் இறைச்சி இந்த ஒரு வகையில் பாதுகாப்பானது. ஆனால் காயமுற்றுத் துடிக்கும் மூஸைக் காவலர் சுட்டுக் கொல்ல வேண்டி வந்தால் குண்டு பட்ட சதையைத் தாராளமாக வெட்டி அகற்ற வேண்டியதுதான்.

பிற மாநிலங்கள்

பிற மாநிலங்கள் பலவும் அண்மைக் காலத்தில் அடிபட்ட மான்களை எடுக்க அனுமதி அளித்தன. மான்டானா 2013இலும், வாஷிங்டன் 2016இலும், ஓரிகன் 2019இலும் அனுமதிச் சீட்டு முறையைத் தொடங்கின. அங்கெல்லாம் எடுப்பவருக்கே இறைச்சி. தேவையுள்ளோர் பட்டியல் இல்லை. இறைச்சிக்காக வேண்டுமென்றே மோதுவார்கள் என்ற அச்சம் இத்தகைய சட்டங்களைப் பற்றிய விவாதங்களில் எழுவது வழக்கம். ஓரிகன் அவ்வாறு மோதுவதைக் குற்றமாக வைத்ததோடு, தலையையும் கொம்பையும் ஐந்து வேலை நாள்களுக்குள் வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. கொம்புக்காக யாரும் ஆசைப்படக் கூடாது என்பது ஒரு நோக்கம். மற்றொன்று, மான்களின் மூளையைச் சிதைக்கும் நாட்பட்ட மெலிவு நோய் உள்ளதா என்று பார்ப்பது. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்நோய் பல மாநிலங்களுக்குப் பரவியுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சான்றுக்காக அம்பை ஒப்படைத்ததுபோல இன்று தலையை ஒப்படைக்கிறார்கள்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இறந்து கிடக்கும் காட்டு விலங்கும் தவறுதலாகக் கொல்லப்பட்டதும் அரசின் சொத்து. அதை யாரும் எடுத்து உண்ண முடியாது.

வேலி

மூஸ் இறைச்சியைப் பகிரும் ஏற்பாடு எவ்வளவு நல்லதாயினும், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. ஆகவே அலாஸ்காவின் போக்குவரத்துத் துறையும் வனவிலங்குத் துறையும் அழைப்புகள் குறைவதையே விரும்புகின்றன. ஆங்கரேஜிலிருந்து வடகிழக்கே செல்லும் க்ளென் நெடுஞ்சாலையில் 1987இல் ஒரு பகுதிக்கு உயர்ந்த வேலி அமைக்கப்பட்டது. தவறி உள்ளே வந்த மூஸ் வெளியேறலாம், வெளியே இருப்பது உள்ளே வர முடியாது என்னும்படி ஒருவழிக் கதவுகள் வைக்கப்பட்டன. கடந்து செல்லக் கீழ்ப்பாதையும், சாலைக்கு விளக்குகளும் அமைந்தன. வேலியிட்ட பகுதியில் மோதல்கள் பெருமளவு குறைந்துவிட்டன. எல்லாச் சாலைகளுக்கும் இப்படி வேலி கட்டுவது ஆகாத செலவு. வேலி விலங்குகளின் வழித்தடத்தையும் துண்டிக்கும்.

வேலியில்லாத கீனாய் தீபகற்பத்தில், ஸ்டெர்லிங் நெடுஞ்சாலையோரம் எண் மாற்றக்கூடிய அறிவிப்புப் பலகைகள் நிறுத்தப்பட்டன. ஜூலை முதல் நாள் தொடங்கி அந்த ஆண்டில் சாலையில் மடிந்த மூஸ்களின் எண்ணிக்கை அவற்றில் இருக்கும். பனிக்காலம் நெருங்க நெருங்க எண் ஏறிக்கொண்டே போகும். பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவதும் அதே மாதங்களில்தான்.